வென்றுவிடக் கூடாத ஆட்டம்

எங்கள் ஈரி நகரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஹெரான்ஸ் அந்தப் பருவத்தில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. ஒரே ஓர் ஆட்டம் எஞ்சியிருந்தது. அதிலும் தோற்க வேண்டும் என்பதே நகர மக்கள் அனைவரின் விருப்பமாக இருந்தது. எல்லோருக்கும் கீழே நின்று பருவத்தை முடிக்கும் அணிக்கே, கல்லூரி ஆட்டக்காரர்களுள் தான் விரும்பும் ஒருவனை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை வழங்கப்படுகிறது. அவ்வாண்டு டெக்சாஸில், பந்தை எறிவதில் நிகரற்ற இளைஞன் ஒருவன் இருந்தான். கடைசி ஆட்டத்தில் வென்றுவிட்டால் அவன் வேறோர் அணிக்குப் போய்விடுவான். எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் அவன் பெயர் பொறித்த சட்டைகளை அதற்குள் வாங்கி அணிந்துகொண்டும் இருந்தனர்.

வெர்னன் சைகாவின் மகன் ரஸ்ஸல் அந்த அணியில்தான் இருந்தான். பந்தைக் காலால் உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே செலுத்துவது அவனுடைய வேலை. அவனது ஒப்பந்தம் அந்த ஆட்டத்தோடு முடிவடைய இருந்தது. வேறோர் அணியினர் தன்னைக் கவனித்து வருவதாகவும், அந்த ஒரு நாள் மட்டும் தடுமாறாமல் ஆடிவிட்டால் போதும் என்றும் அவன் தந்தையிடம் சொல்லியிருந்தான்.

ஆட்டக்காரர்களின் குடும்பத்தாருக்கென ஒதுக்கப்பட்ட இருக்கைகளில் வெர்னன் அமர்வதை நிறுத்திப் பல வாரங்கள் ஆகிவிட்டன. அரங்கின் மேல்தட்டில் நண்பர்களோடு, கண்களுக்கு மட்டும் துளையிட்ட பழுப்புக் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அமர்ந்தார். தோற்கும் பருவத்தில் எங்கள் ரசிகர்கள் அனைவரும் செய்வதுதான் அது. அவர்கள் அணிக்காக வெட்கப்பட்டு அணிந்தனர். அவரோ, தாம் ரஸ்ஸலின் தந்தை என்பதை எவரும் அறியாதிருக்க அணிந்தார்.

அன்று முற்பகல், அரங்கின் வண்டி நிறுத்துமிடத்தில் பனி தூவிக்கொண்டிருந்தது. வெர்னனின் நண்பர் லோனி, தம் வண்டியின் பின்புறத்தில் அடுப்பை மூட்டி சாஸேஜ்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"டேய் வெர்ன், வருஷம் பூரா உன் பையன் தேவையான நேரத்துல எல்லாம் தப்பா உதைச்சான். இன்னிக்குப் பாத்து சரியா உதைச்சித் தொலைக்கப் போறான்!" என்றார் லோனி.

"அவன் உதைக்கிற தூரம் வரைக்கும் நம்மாளுங்க பந்தை எங்கடா கொண்டு போகப் போறாங்க?"

"போயிட்டா? ஒரு போன் போட்டுச் சொல்லேன். பெத்த அப்பன் பேச்சைக் கேக்க மாட்டானா? இல்ல, வீட்லயும் உனக்கு மரியாதை கிடையாதா?"

சுற்றி நின்ற நண்பர்கள் பீர்க் குவளைகளோடு சிரித்தனர். அச்சிரிப்பை வெர்னனால் தாங்கிக்கொள்ள இயலவில்லை. உதைக்க வேண்டிய நிலையே வராது என்று தம்மைத் தேற்றிக்கொண்டு அவர் மகனை அழைத்தார்.

"என்னப்பா? உள்ள போகப் போறேன், சீக்கிரம் சொல்லு."

"ஒண்ணுமில்லடா. இன்னிக்கு... ரொம்ப மெனக்கெடாத. ஊருக்கே என்ன வேணும்னு உனக்குத் தெரியும்ல?"

ரஸ்ஸல் கேட்டான்:

"பக்கத்துல லோனி இருக்காரா?"

"ம்."

"சரி. முடிஞ்சதும் கேட் பக்கத்துல நில்லு. சேர்ந்து போகலாம்."

ஆயினும் அந்நிலை வந்தே விட்டது. கடைசி நொடிகளில் எங்கள் அணி இரண்டே புள்ளிகள் பின்தங்கியிருந்தது. ஓர் உதை கம்பங்களுக்கு நடுவே சென்றால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். ரஸ்ஸல் களத்திற்குள் நடந்து வந்தான். ஏரியிலிருந்து காற்று பக்கவாட்டில் வீசியது. "விட்டுடு! விட்டுடு!" என்று அரங்கமே முழங்கியது. காகிதப் பைக்குள் தம் வாயும் அதையே கத்திக்கொண்டிருப்பதை வெர்னன் சற்றுப் பிந்தியே உணர்ந்தார்.

பந்து உயர்ந்து, வலப்புறம் சாய்ந்து, கம்பத்தில் மோதி வெளியே விழுந்தது.

கோப்பையையே வென்றதுபோல அரங்கம் ஆர்ப்பரித்தது. லோனி வெர்னனின் தலையிலிருந்த பையை வெடுக்கென்று உருவினார்.

"எல்லாரும் பாருங்கடா! இவன்தான் அவனோட அப்பன்! காலையில போன் போட்டுச் சொன்னதே இவன்தான்!"

அறிமுகமற்றோர் அவரைத் தழுவிக்கொண்டனர். பலர் தத்தம் கைப்பேசியை உயர்த்திப் படம்பிடித்தனர். அப்பருவம் முழுவதும் தம்மைப் பற்றி ஒருவரும் ஒரு நல்ல சொல் சொல்லிக் கேட்டிராத வெர்னன், புன்னகைத்தார். கையையும் உயர்த்திக் காட்டினார்.

ஆட்டக்காரர்கள் வெளியேறும் வாயிலில் வெர்னனோடு பெருங்கூட்டமும் காத்திருந்தது. ஈரத் தலையோடு ரஸ்ஸல் வெளியே வந்தான்.

"தேங்க்ஸ்டா ரஸ்! உனக்குச் சிலையே வைக்கலாம்!" என்று ஒருவன் அவன் முதுகில் தட்டினான்.

ரஸ்ஸல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் வண்டியை அடைந்தான். உடன் நடந்த வெர்னன் தணிந்த குரலில் கேட்டார்:

"வேணும்னுதானே விட்ட?"

ரஸ்ஸல் திரும்பிப் பார்த்தான்.

"நீயுமா கேக்குற? நேராத்தான்பா உதைச்சேன். காத்து தள்ளிடுச்சு."

"அப்போ அதை உங்க கோச் கிட்ட சொல்லு..."

"சொன்னேன். அவர் போனை எடுத்து என் முன்னாடி நீட்டினாரு. அதுல நீ கையைத் தூக்கிக்கிட்டு சிரிக்கிற. பக்கத்துல லோனி கத்துறாரு. அதைப் பாத்தப்புறம் எந்த டீம்பா என்னைச் சேத்துக்கும்?"

வெர்னனின் முகம் கன்றிப்போயிற்று. அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கூவினார்:

"எல்லாரும் கேளுங்க! என் பையன் உள்ள போடத்தான் பாத்தான்! நான்தான் போன்ல கேவலமாப் பேசினேன். அவன் அதைக் கேக்கவே இல்ல! காத்துதான் தள்ளிடுச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஆமாமா, காத்துதான்! நாங்க நம்பிட்டோம்!" என்றாள் ஒரு பெண், கண்ணைச் சிமிட்டி.

"அப்பனும் மவனும் என்னமா நடிக்கிறாங்கப்பா!"

"சத்தியமாச் சொல்றேன்!" என்றார் வெர்னன். அவர் குரல் உயர உயர, அவர்களுடைய கைத்தட்டலும் உயர்ந்தது. யாரோ அவர் பெயரைக் கூவி வாழ்த்தினார்கள்.

"போதும்பா," என்றான் ரஸ்ஸல். அவன் குரலில் சினம் இல்லை, களைப்பே இருந்தது. "இன்னும் படம் எடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. வண்டியில ஏறு."

அவன் தன் பக்கத்து இருக்கையின் கதவைத் தந்தைக்காகத் திறந்து விட்டிருந்தான். வெர்னன் அதை மெல்லச் சாத்திவிட்டு, பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.