ஜன்னல் வெளுத்த படம்

மடிக்கணினியை அப்பாவின் சமையலறை மேடையில் வைத்துக்கொண்டு கெரின் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா மெர்வ் தூக்கத்திலேயே போய்விட்டார். நாளை அடக்கம். தேவாலயத் திரையில் போட ஒரு படம் வேண்டும். கேமராவைக் கண்டாலே கொல்லைப்புறம் போய்விடுகிற மனுஷனுக்குப் படத்துக்கு எங்கே போவது?

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுப்பது அவள் பிழைப்பு. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் ஊர் வெயிலில் அறை தெரிந்தால் ஜன்னல் வெளுத்துவிடும், ஜன்னல் தெரிந்தால் அறை இருண்டுவிடும். அதனால் இருட்டிலிருந்து வெளிச்சம்வரை ஐந்து படம் எடுத்துக் கணினியில் சேர்ப்பாள். கணினித் திரையில் காட்ட முடிகிற அளவுக்கு அது வெளிச்சத்தை அடக்கித் தரும். நடுவில் ஏதாவது அசைந்திருந்தால் துடைத்தும்விடும்.

போன மாதம் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க முடிவானதும் இந்த வீட்டையும் அப்படித்தான் எடுத்தாள். அவர் குறுக்கே வந்துகொண்டே இருந்தார். கொஞ்சம் வெளியில் இருப்பா என்று எரிந்து விழுந்தாள். சேர்த்த படத்தில் மேடை பளபளத்தது, ஜன்னலுக்கு வெளியே அம்மா வைத்த மாமரம் இலை இலையாகத் தெரிந்தது. அப்பா இல்லை.

இப்போது சேர்க்காத ஐந்தையும் திறந்தாள். முதலாவதில் மாமரம், வாசலில் கறுப்பாக ஓர் உருவம். அப்புறம் நடந்து வருகிறார். அப்புறம் கையால் தலையை வாரிக்கொள்கிறார். கடைசிப் படம்தான் அதிக நேரம் பிடிப்பது. லேசாக அசைந்தாலும் முகம் கலங்கிவிடும். அதில் அப்பா விறைப்பாக நின்று, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முகம் துளிகூடக் கலங்கவில்லை. தன்னைத்தான் எடுக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்.

பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? கட்டிக்கொண்டு அழக்கூட ஆளில்லாத அந்த வீட்டில் மடிக்கணினியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

படத்தை அண்ணன் டேலுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

"முகம் நல்லாத்தான் இருக்கு. ஜன்னல்தான் வெள்ளை வெளேர்னு இருக்கு. அம்மா மரத்தைச் சேர்த்துக் குடேன், உனக்கென்ன, நிமிஷ வேலை."

நிமிஷ வேலைதான். "வேணாம் டேல். இதுல நான் கை வைக்கமாட்டேன்."

மறுநாள் திரையில் அப்பா சிரித்தார். அவரோடு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த நெவில் பக்கத்தில் வந்து நின்றார்.

"படத்துக்கு நிக்கவே மாட்டானேம்மா. எப்படி நிக்க வச்சீங்க?"

கெரின் வாயைத் திறப்பதற்குள் டேல் சொன்னான்: "எல்லாம் இவதான்."

நெவில் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உட்கார இடம் தேடிப் போனார்.