நிஷாப்பூரில் ஓர் உடம்பும் இரண்டு அறிஞர்களும்

விவாதத்தில் தோற்று அந்த அவமானத்திலேயே இறந்துபோன ஷீர்ஸாத், அடக்கம் முடிந்த வாரமே, தம்மைத் தோற்கடித்த ருக்னுத்தீனின் உடம்பில் குடியேறினார். நிஷாப்பூரில் அந்த வாரம் பனி சற்று முன்னதாக விழுந்தது, மற்றபடி விசேஷமில்லை.

ஒவ்வோர் உடம்பும் உருவாகும்போதே அதற்கென்று ஓர் ஆன்மா வந்துவிடுகிறது, இன்னொன்று நுழைய வழியில்லை என்பது ருக்னுத்தீனின் கட்சி. ஆன்மா என்ன கோதுமை மூட்டையா, இடம் பார்த்து இறக்க, ஓர் உடம்பில் எத்தனையும் புகலாம் என்பது ஷீர்ஸாத்தின் கட்சி. "அப்போ மௌத்தாகி உசிரு போனதும் எந்தக் கழுதைமேல ஏறப்போறீங்க?" என்று மதரஸாவே சிரிக்கும்படி கேட்டார் ருக்னுத்தீன். அதன்பின் ஷீர்ஸாத் தெருவில் தலைகாட்டினாலே மாணவர்கள் கழுதைபோலக் கத்தினார்கள். ரொட்டியை வெறுத்தார், படுத்தார், போய்விட்டார். தத்துவவாதியின் நெஞ்சு பிரபஞ்சத்தைத் தாங்கும், கேலியைத் தாங்காது.

அவர் மனைவி மாஹ்பானு அழவில்லை. கபர்க்குழியின் தலைமாட்டில் நின்று, "அவனைச் சும்மா விட்டீங்கன்னா மறுமையில உங்க முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள். உயிரோடிருந்தபோதே ஷீர்ஸாத் அவள் பேச்சைத் தட்டியவரல்ல.

மதரஸாவில் அடுத்த பாடம் நடத்தும்போது ருக்னுத்தீனின் வாய், ஷீர்ஸாத்தின் மூக்கடைத்த குரலில், "கேட்டீங்களே, அந்தக் கழுதை கிடைச்சுட்டுது உஸ்தாத்" என்றது. அப்புறம் வருடங்கள் ஓடின. கத்திரிக்காய் தொட்டாலே தடித்துப்போகும் அந்த உடம்பு, மாஹ்பானு ஆக்கி அனுப்பிய கத்திரிக்காயைச் சட்டி வழித்துத் தின்றது. பனியில் செருப்பில்லாமல் நடந்துபோய் அவள் வாசலில் விறகு பிளந்தது. ஒருநாள் ருக்னுத்தீன் கோடரியைப் போட்டுவிட்டு அழுதார்.

"உங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்குங்கம்மா."

"ஜும்மாவுல எல்லார் முன்னாடியும் தோத்துட்டேன்னு சொல்லு. போயிடுவார்."

"எப்படிம்மா சொல்றது? என் நிரூபணத்துல பிழையே இல்ல. உங்க வீட்டுக்காரர்தான் பிழை."

"அப்போ விறகைப் பிள."

இன்னும் சில குளிர்காலங்கள் கழித்து, நாணல்போல் இளைத்த ருக்னுத்தீன் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எழுந்து, தோற்றுவிட்டேன் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து மாஹ்பானு சிரித்த சிரிப்பில் கூரைப்புறாக்கள் பறந்தன. பாதிச் சிரிப்பில்தான் அவளுக்கு உறைத்தது: இனி வாசலில் புருஷன் குரல் கேட்காது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதே வாய் மறுபடி திறந்தது. மூக்கடைத்த குரல்: "போயிடுவேன்னு அவதானே சொன்னா? நான் சொன்னேனா?"

காஜி யோசித்துத் தீர்ப்பளித்தார்: ஆன்மா கணவன், உடம்பு அந்நியன், நடுவில் திரை இருக்கட்டும். ஊர் ருக்னுத்தீனைக் கண்டால் இரண்டு சலாம் சொல்லப் பழகிற்று. அந்திதோறும் திரைக்கு இந்தப்புறம் அந்த உடம்பு உட்கார்ந்துகொள்ள, புருஷனும் பெண்டாட்டியும் பழங்கதை பேசிக் கொஞ்சிக்கொள்வார்கள். ருக்னுத்தீன் காதைப் பொத்திக்கொள்ளலாம்தான். அந்த நேரத்தில் கை அவருடையதாக இருப்பதில்லை.