காய் விட்ட வீடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து காய்கறிகள் எல்லாம் வெளியேறின. முதலில் தட்டிலிருந்த கேரட் துண்டுகள் இறங்கிப் போயின, பிறகு கிண்ணத்து பீன்ஸ், அதன் பின்னால் ஃபிரிட்ஜ் கதவைத் தள்ளிக்கொண்டு முட்டைக்கோஸ். கத்தரிக்காய் கொஞ்சம் தயங்கியது என்பார்கள், ஆனாலும் போய்விட்டது. வாசற்படியைத் தாண்டி, மாடிப்படி திரும்புகிற இடத்தில் எல்லாம் சுவரோரமாக வரிசை கட்டி உட்கார்ந்தன. காரணம் ரொம்பச் சாதாரணம். அந்த வீட்டின் ஒரே பெண், ஏழு வயதுக்காரி, தட்டைப் பார்த்துச் சுண்டுவிரலை நீட்டி, "உங்க எல்லார்கூடவும் நான் காய்" என்று சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தோழிகளுக்குள் காய் விட்டால் பேச்சு கிடையாது, பக்கத்தில் உட்காரக் கூடாது, பழம் விடும்வரை அப்படித்தான். காய்கறிகள் தம் பெயரில் போட்ட சட்டத்தை மதித்தன, அவ்வளவுதான்.

அவளைக் கடுகு என்று கூப்பிடுவார்கள். ஆள் அத்தனை சிறிசு, காரம் அத்தனை பெரிசு. அவளுடைய அம்மா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்பவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதை மூன்று முறை சொல்வது அவள் வேலை. அப்போதுதான் ஜனங்கள் காதில் ஏறும் என்பது பன்னிரண்டு வருட அனுபவம். அந்த அனுபவத்தை அப்படியே சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்தாள். பீன்ஸ் சாப்பிடு, பீன்ஸ் சாப்பிடு, பீன்ஸ் சாப்பிடு. கெஞ்சினாள், கொஞ்சினாள், மிரட்டினாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை உதாரணம் காட்டினாள். ஆனால் ஒருநாளும் அவள் மேசையில் உட்கார்ந்ததில்லை. கரண்டியும் கையுமாக நின்று காவல் காத்துவிட்டு, மிச்சத்தை அடுப்பங்கரையில் நின்றபடி வாயில் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுவாள். தின்றது என்ன காய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பொல்லாதவள் இல்லை, பயந்தவள். குழந்தை எடை ஏறவில்லையே என்று மருத்துவர் ஒரே ஒரு முறை சொன்னதுதான். அது மட்டும் காதை விட்டு இறங்கவே இல்லை.

நான்கு மாதம் இப்படியே போனது. கடையிலிருந்து வாங்கிய காய்கள் பைக்குள் சமர்த்தாக வாசல்வரை வரும். அங்கே இறங்கி வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளும். அம்மா காயைத் துருவி மாவுக்குள் ஒளித்துப் பார்த்தாள், மாவு மட்டும் உள்ளே வந்தது. அப்பா பூட்டுக்காரர். கதவைக் கழற்றி, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு மாட்டி, "கதவுல ஒரு குறையும் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவினார். படிக்கட்டில் குடியேறிய காய்கள் வாடவில்லை, அழுகவுமில்லை. மேல்மாடிக்காரர்கள் மிதிக்காமல் ஏறப் பழகிக்கொண்டார்கள். கடுகுக்குத்தான் வயிறு கல்லாகிவிட்டது. காலையில் கழிப்பறைக்குள் போனால் பள்ளி மணி அடித்த பிறகுதான் வெளியே வருவாள். கடைசியில் அம்மா ஒரு பொம்மை வீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, காய்களுக்குப் பழம் விட்டால் இது உனக்கு என்றாள். கடுகு பொம்மை வீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு விரலை நீட்டி, "சரி, பழம்" என்றாள். மறுநிமிடமே வெள்ளரிக்காய்கள் மஞ்சளாகப் பழுத்து நெளிந்தன. பாகற்காய் வெடித்துச் சிவப்பு விதையைக் காட்டியது. மனசில்லாமல் விட்ட பழம் இப்படித்தான் முடியும் என்று அந்தக் கட்டடம் அன்றைக்குத் தெரிந்துகொண்டது. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கினார்கள். அவையும் படிக்கட்டோடு நின்றுவிட்டன.

ஐந்தாம் மாதம் அம்மா பொறுமை இழந்தாள். கடுகின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். "நான் உனக்கு என்னடி பாவம் பண்ணேன்? ஒரு வாய். ஒரே வாய். ஒரே ஒரு வாய்!"

கடுகு கையை உதறினாள். "நீ எங்கிட்ட வேற எதுவுமே பேச மாட்டேங்குற. எப்பப் பாரு காய், காய், காய். போ, உன்கூடவும் காய்!"

சுண்டுவிரல் நீண்டது. அம்மாவின் பாதங்கள் தரையில் வழுக்கி, வாசற்படியைத் தாண்டி, கேரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் நடுவில் போய் நின்றன. திரும்பி உள்ளே வரக் காலைத் தூக்கினாள். படிக்கு அந்தப் பக்கம் அது இறங்கவே இல்லை. அப்பா பதறிப்போய் மகளிடம் ஓடினார். "அம்மா பாவம்ல, ஒரு பழம் விட்டுடு கண்ணு."

"ஐயோ, வற்புறுத்தாதீங்க!" என்று வெளியிலிருந்து அலறினாள் அம்மா. "வெள்ளரிக்காய் என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கல்ல? எனக்கு முப்பத்தாறு வயசுதான் ஆகுது. ஒரே நிமிஷத்துல பழுத்துப்போய் நிக்கவா?"

அதனால் அவள் படிக்கட்டிலேயே குடியிருந்தாள். அப்பா மடக்குக் கட்டிலும் நாற்காலியும் சின்ன அடுப்பும் எடுத்து வைத்தார். அங்கிருந்தே வேலைக்குப் போனாள், அங்கேயே திரும்பி வந்தாள். மகளின் தலையை மேல்மாடிக்காரி வாரிவிடுவதைக் கதவு வழியே பார்த்தபோது அவள் கை தானாகச் சீப்பைத் தேடியது. காய் விட்டவளோடு பேசக் கூடாதே. சாப்பிடு என்றுகூடச் சொல்ல முடியாது. காவல் காக்க யாரும் இல்லாததால் பல வருடங்களில் முதல் தடவையாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பீன்ஸுக்கு அவளோடு பகை எதுவும் இல்லை, கூப்பிட்டதும் வந்தது. லேசாக வேகவைத்து, ஒவ்வொன்றாகக் கடித்து, பீன்ஸுக்கென்று ஒரு ருசி இருப்பதைக் கண்டுபிடித்து ஆச்சரியப்பட்டாள். அப்பாவும் தட்டை எடுத்துக்கொண்டு அவளருகில் வந்து உட்கார்ந்தார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இருவரும் சேர்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

காய் விட்டவள் பேசக் கூடாதே தவிர, பார்க்கக் கூடாது என்று சட்டமில்லை. ஒன்பதாம் நாள் கடுகு வாசற்படிக்கு உட்புறமாக வந்து, அம்மா பீன்ஸ் கடிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். "அப்பா, அது கசக்குதான்னு அவங்களைக் கேளு."

"கசக்குதான்னு கேக்குறா."

"கசக்கல, கொஞ்சம் புல்லு வாசனை அடிக்குதுன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. சாப்பிட்டுப் பார், சாப்பிட்டுப் பார், சாப்பிட்டுப் பார் என்று தொண்டைவரை வந்ததை பீன்ஸோடு சேர்த்து விழுங்கினாள். தடுமாறி, வேறென்ன கேட்பதென்று யோசித்து, "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க" என்றாள்.

அப்பா கேட்பதற்குள் கடுகு ஆரம்பித்துவிட்டாள். பெஞ்சுத் தோழிக்குப் பல் விழுந்ததாம், அதை யாரோ பென்சில் டப்பாவுக்குள் போட்டார்களாம், டீச்சர் டப்பாவைத் திறந்து அலறினார்களாம். கதை பாதியில் இருக்கும்போதே தூதுவரை மறந்து நேராக அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லும் வேகத்தில் வாசற்படியைத் தாண்டியதையும் கவனிக்கவில்லை, அம்மாவின் தட்டிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்ததையும் கவனிக்கவில்லை. பீன்ஸ் பின்வாங்கவில்லை. கடித்தாள், முகத்தைச் சுளித்தாள், மென்றாள், கதையைத் தொடர்ந்தாள். அம்மா "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். கதை முடிந்ததும் கடுகு யாரும் கேட்காமலே இரண்டு விரலை நீட்டினாள்.

அம்மா எழுந்து வீட்டுக்குள் நடந்து போனாள். கண்ணாடியில் பார்த்தாள், தலையில் ஒரு நரைகூட இல்லை. அவள் பின்னாலேயே பீன்ஸ் மட்டும் வரிசையாக உள்ளே வந்தது. அடுத்த வருடம் கேரட் வந்தது, அதற்கடுத்த வருடம் முட்டைக்கோஸ். பாகற்காய் இன்னும் படிக்கட்டில்தான் இருக்கிறது. அதை யாரும் அவசரப்படுத்துவதில்லை.