கறைபடாத காலர்

சொர்ணம் வெள்ளைக் காலரின் முனையைத் திருப்பியபோது விரல் தவறியது. தையல் மெஷினின் ஊசி நகத்தோரம் இறங்கி ஏறியது. விரலை இழுத்துக்கொள்ளுமுன் துணியில் ஒரு செம்புள்ளி பரவிவிட்டது. சுற்றிய துணித்துண்டும் நனைந்தது. பிறருக்கு விரைவில் உறையும் குருதி, அவளுக்கு உணவு மணி அடித்த பின்னும் கசிந்துகொண்டிருந்தது.

தொழிற்சாலையில் அவள் வரிசைக்குச் சூப்பர்வைசரான கோமளம் சட்டையை விளக்கடியில் விரித்தாள்.

"உன் விரல்ல கார்ப்பரேஷன் கொழாயா வெச்சிருக்காங்க? ஃபாரின் போற சட்டைடி. இன்னொரு பீஸ் கறையானா உன்னை நிறுத்திடச் சொல்லிட்டாரு மேனேஜர்."

"மாத்திரைனாலதான்க்கா. டோஸ் ஜாஸ்தியாயிருக்கும், பிளட் டெஸ்ட் எடுத்துக் கம்மி பண்ணலாம்னாரு டாக்டரு. ஒரு காலையில மட்டும் ரஜா குடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்."

"ஷிப்மெண்ட் போறவரைக்கும் யாருக்கும் ரஜா கெடையாது. என் புள்ள ஜொரத்துல கெடக்குது, நானே வந்துக்கினு இருக்கேன்."

"அப்ப பேக்கிங்ல போடுங்கக்கா."

"அங்க எடம் இருந்தா நானே போய் உக்காந்துக்க மாட்டேனா?"

சொர்ணத்தின் இதயத்தில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் குருதி கட்டாதிருக்கவே அம்மாத்திரை. "நீயா மட்டும் நிறுத்தாதம்மா. ரத்தக்கட்டி மூளைக்குப் போயிடும்" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆனால் கணவன் ரவிக்குமாரின் ஆலை மூடிய பின் ஜோகுபாளையத்து வீட்டில் அடுப்பெரிந்தது அவள் தையலால்தான்.

அன்று மாலை மாத்திரை அட்டையை முருகன் படத்தின் பின்னே செருகினாள். "ஷிப்மெண்ட் போறவரைக்கும்தாம்ப்பா. அதுவரைக்கும் நீ பாத்துக்கோ."

சில நாளில் ஊசி மறுபடியும் குத்தியது. சற்று அழுத்தியதும் குருதி நின்றுவிட்டது.

"எந்தச் சாமிக்கு வேண்டிக்கின?" என்று கோமளம் சிரித்தாள். சொர்ணமும் சிரித்தாள்.

தொழிற்சாலைப் பேருந்தில் வழக்கம்போல் அருகே அமர்ந்த ஜகதாம்பாள், அவள் மார்புப் பக்கம் காதைச் சாய்த்தாள். அந்த வால்வின் மெல்லிய டிக் டிக் ஒலி அவளுக்குப் பழகியது.

"உன் பக்கத்துல உக்காந்தா வாட்சே வேணாம்பேன். இன்னிக்கி சத்தத்தையே காணோமே?"

"பஸ் போடற சத்தத்துல எதுடி கேக்கும்?" என்று சொர்ணம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரக்கு ஏறவேண்டிய நாளன்று காலரைப் பிடித்திருந்த அவளது இடக்கை தளர்ந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உதடு ஒருபுறம் கோணிற்று, சொல் எழவில்லை. தலை மெஷின்மேல் சாய்ந்தது.

"ஐயோ, சொர்ணா!" ஜகதாம்பாள் அலறினாள். கோமளம் ஓடிவந்து அவளை மடியில் தாங்கினாள். "ஆட்டோ கூப்புடுங்க! நான்தான் ரஜா தரலியே, நான்தான் தரலியே..." நால்வர் சேர்ந்து தூக்கிச் சென்றனர். செருப்பொன்று பெடலடியிலேயே கிடந்தது.

மேனேஜர் வந்து மெஷினில் சிக்கியிருந்த சட்டையை விடுவித்தார். விளக்கடியில் விரித்து இருபுறமும் பார்த்தார். அவள் பிடித்திருந்த இடம் மட்டும் கசங்கியிருந்தது. ஒரு துளிக் கறையில்லை. கையால் நீவிவிட்டு, அதை அடுத்த மெஷினில் வைத்தார்.