இரண்டரை மணிக் கூட்டம்

...இல்லை, யாரிடமும் சொல்லவில்லை, இன்று காலை குளியலறைக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே காட்டி, இந்த ஆள் எப்போது வீட்டைவிட்டுப் போவான் என்று கணவர் கீத் கேட்டதை, அவள் சிரித்து மழுப்பிவிட்டு சவரக்கத்தியை எடுத்துக் கைக்கெட்டாத தட்டில் வைத்ததை, அடுத்த வீட்டு பிரெண்டாவைக் கூப்பிட்டு, அவருக்குக் காய்ச்சல், சாயங்காலம்வரை கொஞ்சம் பார்த்துக்கொள் என்று பொய் சொல்லிவிட்டு ரயிலேறியதை, மொய்ரா டிண்டல் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் நடந்துவரும் ரூபர்ட் ஆன்செலிடம்கூட. எட்டு மாதமாக வியாழன்தோறும் எதிரெதிரே உட்கார்ந்த மனிதர், அவள் ஆளும் கட்சி, அவர் எதிர்க்கட்சி, நாடாளுமன்றத்தில் ஒருவரையொருவர் கிழித்துவிட்டு மாலையில் ஒரே கெட்டிலில் தேநீர் போட்டுக் குடிப்பவர்கள்... முடியாமல் போனவர்களை யார் கவனிப்பது, அதன் செலவை யார் சுமப்பது என்று இரண்டு கட்சியும் சேர்ந்து சட்டம் கொண்டுவர, செவ்வாய்க்கிழமை கூட்டறிக்கையில் கையெழுத்து. அதற்கு முன்னால் ஒரு பராமரிப்பு இல்லத்தைச் சேர்ந்தே போய்ப் பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ரூபர்ட்தான் சொன்னார். யார்க்ஷர் கடற்கரை, நவம்பர், கடல் எங்கேயோ உள்வாங்கிப் போயிருந்தது, சன்னல்களுக்கு வெளியே ஈர மணல் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை. கீத் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? பிரெண்டா அந்தக் கண்ணாடிப் பக்கம் அவரை விட்டிருப்பாளா?

கூடத்துக் கதவைத் தள்ளியபோது உள்ளே இருந்த ஏழு பேரும் ஏற்கனவே கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் முதலில் உறைத்தது. வயதானவர்கள் ஆள் வந்தால் திரும்பிப் பார்ப்பார்கள், சரி, ஆனால் இவர்கள் திரும்பவே இல்லை, நெடுநேரமாக அப்படியே இருந்த முகங்கள். நீள மேசை, சுற்றி நாற்காலிகள், அதில் இரண்டு மட்டும் காலி. மேசையின் முனையில் நீலக் கம்பளிச் சட்டை போட்ட கிழவி ஒருத்தி கரண்டியால் தட்டைத் தட்டினாள். "மணி ரெண்டரை ஆச்சு. உக்காரு கண்ணு, நீங்களும் உக்காருங்க சார், அந்தப் பக்கம், எப்பவும் உக்கார்ற இடம்தானே." பராமரிப்புப் பெண் டெண்டாய், ஜிம்பாப்வேக்காரி, மொய்ராவின் காதருகே குனிந்தாள். "எனிட்னு பேரு. தினமும் இந்த நேரத்துக்கு ஒரு கூட்டம் நடத்துவாங்க. கொஞ்ச நேரம்தான், தப்பா எடுத்துக்காதீங்க." ரூபர்ட் கண்ணடித்தார். "நம்ம கூட்டத்தைவிட ஒழுங்கா நடக்கும்போல." மொய்ராவும் சிரித்தபடி உட்கார்ந்தாள். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல, ஆனால் யார், எல்லாரும் இங்கேதானே இருக்கிறார்கள்... வெப்பக்குழாய் பக்கத்தில் இருப்பதால் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

எனிட் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தாள், இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை. வராதவர்கள் பெயர் என்று ஒரு வரிசை சொன்னாள், ஒவ்வொரு பெயருக்கும் மற்றவர்கள் தலையசைத்தார்கள். பிறகு வேறு குரலில், ஏற்றஇறக்கமில்லாமல், படிக்கத் தொடங்கினாள்: "ஒரு மனிதனைத் தாங்கும் கைகளை நாடு தாங்க வேண்டும், எந்த வீடும் தனியே இருட்டில் நிற்கக் கூடாது." அது மொய்ராவின் வாக்கியம். மார்ச் மாதம் ஒரு விடியலில், மாடியில் கீத் தூக்கத்தில் முனகிக்கொண்டிருக்க, சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் எழுதியது, கூட்டறிக்கையின் முதல் வரி, அறிக்கை இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது, ரூபர்ட்டைத் தவிர இன்னும் நாலைந்து பேர்தான் பார்த்திருப்பார்கள். அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. "ஏற்கிறோமா?" என்றாள் எனிட். ஏழு கைகள் ஒன்றாக உயர்ந்தன, நடுக்கம்கூட ஒரே சீராக. அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே அனுப்பியிருப்பார்களோ, விளையாட்டுக்கு... யார் அனுப்பியிருப்பார்கள்?

"நாலாவது விஷயம்," என்றாள் எனிட், காகிதத்தைக் கீழே வைத்தாள். "இப்ப அந்தப் பக்கத்து ஆளு எந்திரிச்சுப் போவாரு." ஏழு முகங்களும் ரூபர்ட்டிடம் திரும்பின. கோபமில்லை, குற்றச்சாட்டு இல்லை, பேருந்துக்குக் காத்திருக்கிறவர்களின் பொறுமைதான் இருந்தது. "நான் எங்க போறேன்? இங்கதான் இருக்கேன்," என்றார் ரூபர்ட், கொஞ்சம் சத்தமாகவே. சுவர்க்கடிகாரம் ஓடியது. அவருடைய சட்டைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுக்காதீர்கள், என்று மொய்ரா நினைத்தாள், சொன்னாளா, நினைத்தாளா... அவர் திரையைப் பார்த்தார், மன்னிக்கணும் என்று முணுமுணுத்தார், எழுந்து போனார். கதவின் கண்ணாடிக்கு அப்பால் அவருடைய முதுகு, காதில் ஒட்டிய கை, மெல்ல மெல்லத் தொங்கிப்போகும் தோள். இந்தப் பக்கம் எல்லாரும் மொய்ராவைப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த கிழவர் அவள் கையின்மேல் கையை வைத்தார், காகிதம் மாதிரி உலர்ந்த கை. "ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துலதாம்மா," என்றார் ஆறுதலாக.

தாழ்வாரத்தில் ரூபர்ட் தன் காலணியைப் பார்த்தபடி பேசினார். "கையெழுத்து வேண்டாம்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க மொய்ரா. வசந்தத்துல தேர்தல் வருது. நான் போன்லயே எவ்வளவோ சண்டை போட்டேன், கேக்கல." அவள் கேட்டாள்: "பராமரிப்புச் செலவுக்கு உங்க வீட்டைப் பிடுங்கப் போறாங்கன்னு ஜனங்ககிட்ட எங்க கட்சியைப் பத்தி நோட்டீஸ் அடிக்கப் போறீங்க, அதானே?" அவர் மெல்லத் தலையசைத்தார். "அடிச்சே ஆச்சா?" "...போன வாரமே. எனக்கு இப்பதான் தெரியும், சத்தியமா." நம்பினாள். அதுதான் இன்னும் மோசம், நல்ல மனிதர், அழுதுவிடுவார்போல இருந்தது, இவருக்கு முன்னால் எத்தனை நல்ல மனிதர்கள் இதே மாதிரி எத்தனை தாழ்வாரங்களில்... வண்டி கூப்பிடுகிறேன் என்று அவர் வாசலுக்குப் போனார். டெண்டாய் தேநீர்க் கோப்பைகளோடு வந்தாள். எனிட் அரசாங்க வேலையில் இருந்தவரா, அமைச்சகத்தில், குறிப்பெடுக்கிறவராக, என்று மொய்ரா கேட்டாள். அப்படியென்றால் ஏதாவது ஒரு விளக்கம் கிடைக்கும். "எனிடா? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சாப்பாடு பரிமாறினவங்க," டெண்டாய் சிரித்தாள். "அவங்க வர்றதுக்கு முன்னாடியே கூட்டம் நடந்துட்டுதான் இருந்துச்சு. ஒரு பெரியவர் நடத்துவாரு. அவர் போனதும் இவங்க எடுத்துக்கிட்டாங்க. அவருக்கு முன்னாடி யாருன்னு தெரியல, நான் வந்தே ஒன்பது வருஷம்தான்." அந்த முதல் வரி, அந்தக் கைகள், இருட்டு? "ஓ, அதுவா. அதைப் பெரியவரும்தான் சொல்லுவாரு, வார்த்தை மாறாம."

அப்படியானால் அதை நான் எழுதவில்லை. எங்கேயோ படித்திருப்பேன், யாரோ ஒருவர் இருபது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு விடியலில், மாடியில் யாரோ முனக... அவள் கூடத்துக்குள் திரும்பப் போனாள், ஏன் என்று தெரியவில்லை, கைப்பை அங்கே இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஐந்தாவது விஷயம் போய்க்கொண்டிருந்தது. அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வர வேண்டும், எட்டு மாதம், அத்தனை வியாழக்கிழமைகள், வர வேண்டும். வீட்டிலிருந்து நாலு மைலில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கீத்துக்கு ஓர் அறை தயார் என்று கோடையிலேயே கடிதம் வந்தது, சட்டம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பதில் எழுதினாள், டாக்டரிடமும் அதையே சொன்னாள், தொலைபேசியில் அழுத மகளிடமும் அதையே, செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, கண்டிப்பாக. இனி செவ்வாய்க்கிழமை இல்லை, தள்ளிப்போடக் காரணமும் இல்லை. வெளியே கடல் இன்னும் திரும்பவில்லை. எனிட் எதையோ கேட்டாள், சுற்றிலும் கைகள் உயர்ந்தன, மொய்ராவின் கையும் உயர்ந்தது, எதற்கென்றே கேட்காமல், அப்போதுதான் கவனித்தாள், காலையிலிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடந்த ஏதோ ஒன்று இறங்கியிருந்தது, மூச்சு இவ்வளவு சுலபமாகப் போய் வந்துகொண்டிருந்தது... அப்படியென்றால் இத்தனை நாளும், அங்கே அந்த வியாழக்கிழமை மேசையில், எல்லாம் முறிந்துபோக அந்தத் தொலைபேசி எப்போது அதிரும் என்று காத்திருந்தது யார்?