பனிக்கு அடியில் ஒருக்களித்து

அன்று அறையில் இருந்தவர்கள்: பிரிவுத் தலைவர், செயற்கைக்கோள் படங்களைச் சரிபார்ப்பவள், அவளுடைய மாமியார், வாசலில் சாவியோடு காவலாளி; பிறகு, திரையில், பனிக்கு அடியில், ஒருக்களித்துப் படுத்திருந்த அவள் கணவன்.

உயிரோடு இருந்தவரை அவனைக் குழிவெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பனியும் மண்ணும் தாமாக விடும் நுண்ணலைகளை வானத்திலிருந்து செயற்கைக்கோள் பிடிக்கும். அது சொல்வது சரிதானா என்று மலையில் குழி தோண்டி அளப்பது அவன் வேலை. ஒரு குளிர்காலத்தில் பனிச்சரிவு அவனை மூடியது. உடல் கிடைக்கவில்லை. அடுத்து வந்த படத்திலேயே மலைமேல் மனித உடம்புச் சூட்டில் ஓர் உருவம் தெரிந்தது: முழங்கால் மடக்கி, கையைத் தலைக்கு அடியில் வைத்து. படத்தின் ஒரு புள்ளிக்குள் ஓர் ஊரே அடங்கும் என்பதால், கணக்குப்படி அவன் ஒரு மலைத்தொடர் நீளத்துக்குப் படுத்திருந்தான். தோண்டப் போனவர்கள் வெதுவெதுப்பான மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கோடையில் சுற்றிலும் எல்லாமே சூடாகிவிடுவதால் தெரியமாட்டான். பனி விழுந்ததும் வந்துவிடுவான். சில நாள் புரண்டு படுத்திருப்பான். "அந்தத் தோள்ல படுக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது" என்று அவள் திரையைத் திட்டுவாள். டீ வாங்கப் போகிறவர்கள், "ஐயா இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மாமியார் எப்போதாவது வந்து உற்றுப் பார்த்து, "இளைச்சுட்டான்டி உன் புருஷன்" என்பாள்.

வெள்ளத்தைக் கணிக்கும் கணினி நிரலுக்கு மட்டும் அவன் யாரென்று தெரியாது. அவன் சூட்டை உருகும் பனி என்றே எடுத்துக்கொண்டது. வராத வெள்ளத்துக்காக ஆற்றங்கரை ஜனங்கள் வருடாவருடம் மூட்டை கட்டினார்கள். பிறகு சைரன் ஊதினால் சிரித்தார்கள். போன வசந்தத்தில் தண்ணீர் உண்மையாகவே வந்தது. சிரித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரு குடும்பம் மொத்தமாகப் போயிற்று.

இனி அவனைப் படத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார் தலைவர். "நீங்க செய்யலைன்னா நான் செஞ்சாகணும்மா. அது நல்லா இருக்காது."

சின்ன வேலைதான். பிழையான புள்ளிகளை அழித்து, சுற்றியுள்ள பனியின் சராசரியை அங்கே நிரப்ப வேண்டும். ஒருமுறை நிரப்பினால் இனி வரும் படங்களிலெல்லாம் நிரலே நிரப்பிக்கொள்ளும். அவள் பாதத்திலிருந்து தொடங்கினாள். முழங்காலுக்கு வந்தபோது, அவளுக்கு வசதியாக அவன் காலை நீட்டிக்கொடுத்தான். எடுத்து முடித்த படத்தில் அசைவது வழக்கமில்லை என்று தலைவர் முணுமுணுத்தார்.

"நல்லா போத்திட்டியா?" என்றாள் மாமியார்.

"போத்தியாச்சு அத்தை."

"தலையையுமா?"

"தலையையும்தான்."

மூவரும் எழுந்து வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் காவலாளி கதவைச் சாத்திப் பூட்டினான்.