வெல்பரி சந்தையில் விசாரித்தது

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால், அந்த ஊர்ச் சந்தை நாளில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய் விசாரித்துவிட்டு வருவார். ஜாதகமெல்லாம் அதற்குப் பிறகுதான். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் எங்கள் சொந்தத்துக்குள் நடந்த பல கல்யாணங்களுக்கு நான்தான் போயிருக்கிறேன். இந்தக் கோபாலசாமி பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. விசாரிப்பதற்கு ஒரு முறை உண்டு. சிநேகிதனைக் கேட்கக்கூடாது, பங்காளியைக் கேட்க வேண்டும். வரப்புத் தகராறு உள்ளவனே ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அந்த வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடுக்கலாம்.

ஆகவே 1998 ஏப்ரலில், மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்த இடத்தில், நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில், என் மகள் வான்மதி தன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, தன்னோடு மருந்துக் கம்பெனியில் வேலை செய்யும் மார்ட்டின் பிரிட்சர்ட் என்ற வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னபோது, நான் சத்தம் போடவில்லை.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"இங்கிலாந்துப்பா. வெல்பரின்னு ஒரு சின்ன டவுன். அவங்க அப்பா ஃபார்மர்."

"சந்தை கூடுமா?"

"என்னப்பா?"

"அந்த ஊர்ல சந்தை கூடுமான்னு கேட்டேன்."

"வியாழக்கிழமை கூடும்னு சொல்லிருக்கான். ஏம்ப்பா?"

என் மனைவி கலாவதிக்கு உடனே புரிந்துவிட்டது. "ஏனுங்க, கடல் தாண்டிப் போயுமா?" என்றாள்.

வான்மதிக்கும் புரிந்தது. "அப்பா, ப்ளீஸ். அங்க போயி என்கொயரி எல்லாம் பண்ணாதீங்க. ரொம்ப எம்பேரசிங்கா இருக்கும். அவங்க என்ன நெனப்பாங்க?"

"நம்ம நல்லா வெசாரிச்சுப் பொண்ணுக் குடுக்கற குடும்பம்னு நெனப்பாங்க கண்ணு. நான் பாத்துட்டு வந்து ஆமான்னாலும் இல்லைன்னாலும் ஒரே வார்த்தைதான். அதுவரைக்கும் நீயும் பேசாத, நானும் பேசல."

அவள் ஒப்புக்கொண்டாள். என் ஒரு வார்த்தைக்காக அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நான் பார்க்காமல் இல்லை.

பையன் மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்தபோது யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றினான். ஆனால் அமெரிக்காவில் ஒருவனைப் பற்றி யாரைக் கேட்பது? மான்மவுத் ஜங்ஷனில் அடுத்த வீட்டுக்காரர் ஒஹாயோவிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. எதிர்வீட்டுத் தெலுங்குக் குடும்பம் போன மாதம்தான் வேலை மாறி டெக்சஸ் போனது. எல்லோரும் நல்லவர்கள், சிரித்துக் கையசைக்கிறார்கள். யாருக்கும் யாருடைய தாத்தா பெயரும் தெரியாது.

இதில் வெளியே சொல்லாத கவலை ஒன்றும் எனக்கு இருந்தது. என் சித்தப்பா மகன் வேலுமணி அப்போது கலிபோர்னியாவில், மில்பிடாஸில் தன் மகன் வீட்டில் இருந்தான். பொதுக்கிணற்றில் தண்ணீர் முறை பற்றிய தகராறில் எங்களுக்குள் பேச்சு நின்று பதினோரு வருஷம். நான் அமெரிக்கா வந்தும் அவனைக் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. வெள்ளைக்கார மாப்பிள்ளை என்ற செய்தி அவன் காதுக்குப் போனால் கோபி முழுக்கப் போகும். அவன் வாயில் என் மகள் பெயர் விழுவதைவிட இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன்.

மே மாதக் கடைசியில் கலாவதியும் நானும் லண்டனில் இறங்கி, இரண்டு ரயில் மாறி வெல்பரி போய்ச் சேர்ந்தோம். பிரிட்சர்ட் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை வருவதாகத்தான் சொல்லியிருந்தது. நாங்கள் புதன்கிழமையே போய் ஒரு விடுதியில் தங்கிவிட்டோம்.

வியாழக்கிழமை காலையில் வேட்டி கட்டி, மேலே கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நடந்து சந்தைக்குப் போனேன். அந்த ஊரைப் பார்த்ததும் எனக்கு மதிப்பு வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆற்றின் மேல் கல்பாலம். அதைத் தாண்டினால் மேடேறிப் போகும் ஒரே வீதி. இரண்டு பக்கமும் கருத்த மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த வீடுகள். முந்நூறு நானூறு வருஷத்து வீடுகள் என்றார்கள். மாடியில் ஒரு கிழவி ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள், கீழே செருப்புக் கடை நடந்துகொண்டிருந்தது. காட்சிக்கு வைக்காமல் குடியிருந்தே காப்பாற்றியிருக்கிறார்கள். வீதி முடிகிற இடத்தில் கல்தூண்கள் மேல் நிற்கும் சந்தை மண்டபம். அங்கே சந்தை கூட்டிக்கொள்ள எழுநூறு வருஷத்துக்கு முன்பு ஒரு ராஜா உரிமை கொடுத்ததாகத் தூணில் பித்தளைப் பட்டயம் பதித்திருந்தது. அந்த ராஜாவின் வம்சம் போய் எத்தனையோ காலமாகியிருக்கும். வியாழக்கிழமை மட்டும் தவறவில்லை.

மண்டபத்துக்குள் பாலாடைக்கட்டி, முட்டை, தொட்டிச் செடிகள், பழைய கருவிகள். யாரும் கூவி விற்கவில்லை. பின்னால் மாட்டுச் சந்தை. மாட்டை வட்டத்துக்குள் விட்டு, எல்லோர் காதும் கேட்க விலை சொல்லி ஏலம் விடுகிறார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசியே பழகிய எனக்கு அந்தப் பகிரங்கம் புதிதாகவும் பிடித்ததாகவும் இருந்தது. மாடுகளும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. சிவந்த உடம்பும் வெள்ளை முகமுமாக, சீப்பால் வாரிவிட்டதுபோல.

வேலையை ஆரம்பித்தேன். பாலாடைக்கட்டிக்காரரிடம், "பிரிட்சர்ட் குடும்பம் எப்படி?" என்று கேட்டேன்.

"எந்த விதத்துல கேக்கறீங்க?" என்றார் மரியாதையாக.

"எல்லா விதத்திலும்."

"அதை அவரையே கேட்டா நல்லதுங்களே, சார்."

முடி திருத்துபவரிடம் கேட்டேன். வானிலை பற்றிப் பேசினார். செடி விற்ற அம்மாளிடம் கேட்டேன். ஒரு தொட்டியைக் கையில் கொடுத்து, "இது நிழல்லயே நல்லா வரும்" என்றாள். எங்கள் சந்தையாக இருந்தால் இந்நேரம் மூன்று தலைமுறைக் கதையும், யார் யாரை எப்போது அடித்தார்கள் என்பதும் என் கையில் இருக்கும். இங்கே ஒருவர்கூட, பக்கத்து வீட்டுக்காரனை ஊர் பேர் தெரியாத ஒருவனிடம் விட்டுக்கொடுக்கவில்லை. என் வேலை கெட்டது. ஆனாலும் அந்த ஊர்மேல் எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போனது.

"வெசாரிச்சாச்சுங்களா?" என்றாள் கலாவதி, தூணோரம் நின்று முட்டைக்கோஸைப் பார்த்தபடி.

"யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க."

"உங்களப் பத்தித் தொறந்துட்டாங்க போல. அங்க பாருங்க."

என் வயதுள்ள ஒருவர், முழங்கால்வரை சேற்றுப் பூட்ஸோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "மிஸ்டர் கோபாலசாமி? நான் ஜெஃப் பிரிட்சர்ட். வேட்டி கட்டின ஒருத்தர் என்னைப் பத்தி விசாரிக்கறார்னு நாலு பேர் வந்து சொல்லிட்டாங்க. நாளைக்குத்தானே வரதா இருந்தது?"

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் தலை குனியவில்லை. பெண்ணைக் கொடுக்கும் முன்னால் இப்படிக் கேட்பது எங்கள் வழக்கம், தகராறு உள்ள பங்காளியைக் கேட்பதுதான் முறை, இங்கே எனக்கு யாரையும் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"மாடு வாங்கறதுக்கே நான் நாலு பேரைக் கேப்பேன்" என்றார். "என்னைப் பிடிக்காத ஆள்தானே வேணும்? வண்டில ஏறுங்க. பெவன்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அவருடைய பழைய லேண்ட்ரோவரில் ஊரைத் தாண்டிப் போனோம். சந்துபோல ஒடுங்கிய பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயர உயிர்வேலி, அதில் மே மாதத்து வெள்ளைப் பூ. இடைவெளி வரும்போதெல்லாம் குன்றின்மேல் குன்றாகப் பச்சை, அதில் புள்ளி வைத்தாற்போல ஆடுகள். விவசாயக் கல்லூரியில் படித்தவன் நான். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி மண்ணைத் தேய்த்துப் பார்த்தேன். சிவந்த, நல்ல மண். வேலிக்கு அவர்கள் தண்டைப் பாதி வெட்டிச் சாய்த்துப் பின்னுகிறார்கள். வெட்டுப்பட்ட தண்டு சாகாமல் படுத்தபடியே தழைக்கிறது. எங்கள் கிளுவை வேலிக்கு இந்தக் கைவேலை தெரிந்திருந்தால் எத்தனை கம்பி மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓரிடத்தில் மட்டும் வேலி விகாரமாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒழுங்காக வெட்டியிருக்க, உச்சி மட்டும் கட்டுப்பாடில்லாமல் மரமாக வளர்ந்து நின்றது.

"அதுதான் எங்க தகராறு" என்றார் பிரிட்சர்ட். "வேலி எங்க தாத்தா வச்சது. பெவன் தன்னோடதுங்கறான். நான் என் பக்கம் வெட்டறேன், அவன் அவன் பக்கம் வெட்டறான். உச்சி யாருதுன்னு இன்னும் முடிவாகல."

பெவன் தன் வாசலில் நின்றார். குட்டையான, சிவந்த முகக்காரர். பிரிட்சர்ட் வண்டியை விட்டு இறங்கவில்லை. "இவர் கேக்கறதுக்கு உண்மையைச் சொல்லு. நான் காதைப் பொத்திக்கறேன்" என்று ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

நான் கேட்டேன்.

"அவனா?" என்றார் பெவன். "கழுதைப் பிடிவாதம். என் வேலியை இருபது வருஷமா தன்னோடதுன்னு சொல்லிட்டுத் திரியறான். சர்ச்சில என் பக்கத்துல உக்கார மாட்டான்." வண்டிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "என் மனைவி ஆஸ்பத்திரில கெடந்த குளிர்காலம். ராத்திரியெல்லாம் அங்கதான் இருப்பேன். காலைல வந்து பாத்தா என் ஆட்டுக்கெல்லாம் வைக்கோல் போட்டிருக்கும். பனில பூட்ஸ் தடம் வேலிக்கு அந்தப் பக்கத்துலருந்து வந்திருக்கும். குளிர் முடியற வரைக்கும் அப்படித்தான். நான் கேக்கல, அவனும் சொல்லல. நடுவுல ஒரு நாள் வேலிக்காக வக்கீல் நோட்டீஸும் அனுப்பினான்."

"உங்களுக்குப் பெண் இருந்து, அந்த வீட்டில் கேட்டால்?"

"பொண்ணைத் தாராளமாக் குடுப்பேன். வேலியைக் குடுக்க மாட்டேன்."

பல வருஷம் விசாரித்த அனுபவத்தில் இதைவிடச் சுத்தமான பதில் எனக்குக் கிடைத்ததில்லை. வண்டிக்குத் திரும்பி, பிரிட்சர்டின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் விடவில்லை.

"இப்ப என் முறை" என்றார். "உங்களைப் பிடிக்காதவர் யாரு? நான் அவரைக் கேக்கணும்."

நியாயமான கேள்வி. மறுத்தால் என் குடும்பத்தில் மறைக்க ஏதோ இருக்கிறது என்றாகும். சொன்னால் வேலுமணியின் நாக்கில்தான் என் மகளின் வாழ்க்கை நிற்கும்.

"கலிபோர்னியாவில் இருக்கிறான்" என்றேன் கடைசியில். "வேலுமணி என்று பெயர். என் சித்தப்பா மகன். ஆனால் அவன் நம்பர் என்னிடம் இல்லை."

பின்சீட்டிலிருந்து கலாவதி கடகடவென்று நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். பிரிட்சர்ட் சட்டைப் பையிலிருந்த சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ஆட்டுக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ராமாத்தாளும் நானும் பேசிக்குவோமுங்க" என்றாள். "கெணறு உங்களுக்குள்ளதான். பொம்பளைங்களுக்குள்ள என்ன?"

"முன்கூட்டியே அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார் பிரிட்சர்ட். "நீங்களும் சொல்லாமத்தானே வந்தீங்க."

வாக்குக் கொடுத்தேன். மறுநாள் அவர் வீட்டில் தேநீர் குடித்தோம். அவர் மனைவி எங்களுக்காக முட்டை போடாமல் கேக் செய்திருந்தாள். அது சரியாக எழும்பவில்லை. எழும்பாததைக் கொஞ்சமும் மறைக்காமல் எங்கள் முன்னால் வைத்தாள். அதுவும் எனக்குப் பிடித்தது.

மான்மவுத் ஜங்ஷன் திரும்பியதும் வான்மதி வாசலிலேயே கேட்டாள். "அப்பா?"

"என் பக்கம் சரி, கண்ணு. அவங்க பக்கம் இன்னும் வெசாரிக்கறாங்க."

"என்னையா? யார்கிட்ட?"

பெயரைச் சொன்னேன். அவள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "வேலுமணி சித்தப்பாவா? போச்சு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். வாக்கு வாக்குதான் என்பதால் மில்பிடாஸுக்கு நான் போன் செய்யவில்லை. கலாவதியையும் செய்யவிடவில்லை. அந்த நாட்களில் போன் அடித்தாலே வான்மதியின் முகம் வெளுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடித்தது. நானே எடுத்தேன்.

"நாந்தானுங்க, வேலுமணி."

"சொல்லு."

"எவனோ இங்கிலீஸ்காரன் கூப்ட்டானுங். உங்களப் பத்திச் சொல்லுன்னான். நானும் கெணத்து வெசயத்த ஆதியிலிருந்து சொன்னனுங். பொறுமையாக் கேட்டான். நடுவுல, எனக்கும் இந்த மாதிரி ஒரு வேலி இருக்குதுன்னு சிரிச்சான்."

"அப்பறம்?" என்றேன்.

"அந்தக் குடும்பத்துல நீ பொண்ணு எடுப்பியான்னு கேட்டான். எப்படிய்யா எடுக்கறது, பங்காளி, எனக்கு அவ மக மொறைன்னேன். அவனுக்குப் புரியல. புரியற மாதிரி சொன்னேன். எங்கம்மா செத்தப்ப, பேச்சுவார்த்தையில்லாத மனுசன் வந்து பாடைக்கு மொதத் தோள் குடுத்துட்டு, பச்சத் தண்ணி குடிக்காமப் போனாரு. அவரு பொண்ணு எம்பொண்ணு. அவளுக்கு ஒரு கொறைன்னா நீ ரெண்டு பேருக்குப் பதில் சொல்லோணும்னேன். அவ்வளவுதானுங்."

கலாவதியும் வான்மதியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆவணில நாள் பாக்கறேன்" என்றேன். "நீயும் ராமாத்தாளும் முன்னாடியே வந்துரோணும். தாரை வார்க்கறப்ப நீ பக்கத்துல நிக்கோணும்."

"வர்றனுங். கெணத்து வெசயம்?"

"அது அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டுமுங்" என்றான் அவனும், உடனே.

வான்மதி என் கையிலிருந்து போனை வாங்கி, "தேங்க்ஸ் சித்தப்பா" என்று அழுதுகொண்டே சொன்னாள். கல்யாணத்துக்குப் பிரிட்சர்டோடு பெவனும் வந்தார். விமானத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் வந்ததாக மார்ட்டின் சொன்னான். வேலி உச்சியை இன்னும் யாரும் வெட்டவில்லையாம்.